கத்ரா அண்ணாச்சி வாங்கிய குதிரை

"பாத்துப் போங்க" என்று அன்பாகச் சொன்னவர்களோடு சண்டைக்குப் போன மனிதர் இந்த டில்லி மாநகரத்திலேயே எங்கள் கத்ரா அண்ணாச்சி ஒருவர்தான். அடித்துச் சொல்கிறேன். "பாக்காம, கண்ணைப் பொத்திக்கிட்டா போவேன்?" என்று திரும்பி நின்று கேட்பார். சொன்னவருக்கு ஏன்டா வாயைத் திறந்தோம் என்று ஆகிவிடும்.

துவாரகாவில் எங்கள் சொசைட்டியின் ஏழாவது மாடி அவருக்கு. ஆறாவது மாடி எனக்கும் அம்மாவுக்கும். மின் நிலையத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டை ஓடு போட்டு 'கத்ரா' என்று அபாயப் பலகை எழுத வைப்பதுதான் வாழ்நாள் உத்தியோகம். அதனால் இந்திக்காரப் பிள்ளைகளுக்குக் கத்ரா அங்கிள், எங்களுக்குக் கத்ரா அண்ணாச்சி.

அப்படிப்பட்டவருக்கு எச்சரிக்கை என்றாலே ஆகாது. மெட்ரோ வாசல் கடையில் காபிக் கோப்பைமேல் 'சூடாக இருக்கும்' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "பையா, டண்டா மாங்கா தா க்யா?" என்று, ஆறின காபியா கேட்டேன் என்று, மல்லுக்கு நின்றார். காபி ஆறியே போனது.

ஒரு நாள் வாட்ச்மேனிடம் அவர், "ஏக் புரானா கோடா லேனா ஹை" என்றது அம்மா காதில் விழுந்துவிட்டது. அம்மாவின் இந்தி காலிஃபிளவர் பேரம் வரைக்கும்தான் போகும். கோடா என்றால் குதிரை என்று தெரியும். இந்த ஊர்ப் பேச்சில் கைத்துப்பாக்கிக்கும் அதுதான் பெயர் என்று தெரியாது.

"ஏண்டி, அந்த மனுஷன் கிழட்டுக் குதிரை வாங்கப் போறாராம்டி! இருக்கிற லிஃப்ட் ஆளையே ஏத்த மாட்டேங்குது, குதிரையை எப்படி ஏத்துவார்?"

சாயங்காலத்துக்குள் சொசைட்டித் தமிழர்கள் அத்தனை பேருக்கும் சேதி போய்விட்டது. எதிர் பிளாக் மாமி ஒருத்தி போன் செய்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நல்ல கொள்ளு கிடைக்கும், அண்ணாச்சியிடம் சொல்லிவிடு என்றாள்.

விஷயம் ரிவால்வர். காட்டுப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் எடுத்த லைசென்ஸ் அவரிடம் இருந்தது. பழைய டில்லிக் கடைக்கு நான்தான் காரோட்டிப் போனேன். கடைக்கார சர்தார்ஜி முதலில் புத்தம் புதிதாக ஒன்றை எடுத்து வைத்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழலைப் பார்த்தார். 'பயன்படுத்துமுன் கையேட்டைப் படிக்கவும்' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் முத்திரை குத்தியிருந்தது.

அவ்வளவுதான். "இந்தா பாரும்மா அநியாயத்த! திருடன் வந்து நிக்கான், நான் கையேடு படிக்கணுமாம். அதுவரைக்கும் அவனுக்குக் காபி போட்டுக் குடுக்கவா?"

பயந்துபோன சர்தார்ஜி உள்ளேயிருந்து தாத்தா காலத்து ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தார். கம்பெனிப் பெயரும் நம்பரும் தவிர அதில் ஒரு எழுத்து இல்லை. அண்ணாச்சி முகம் மலர்ந்துவிட்டது. "துப்பாக்கியப் பாத்தா துப்பாக்கின்னு தெரியும்னு நம்பியிருக்கான் பாரு, அவன் மனுசன்!"

போலீஸ், கையெழுத்து என்று அலைந்து முடித்து ஒருவழியாக வாங்கியும் விட்டார். "கோலி?" என்று தோட்டாவைப் பற்றிக் கேட்டார் சர்தார்ஜி. "பாத் மே", அப்புறம் பார்க்கலாம் என்றார் அண்ணாச்சி.

அந்த வாரமே அம்மா லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில், இருட்டில், ஒரு மணி நேரம். சர்க்கரை உடம்பு. கதவை நெம்பித் திறந்தபோது வேர்த்து விறுவிறுத்து, காலிஃபிளவரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். கமிட்டிச் செயலாளரிடம் ஓடினேன். 'சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்' என்று லிஃப்டில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டி, "போர்டு லகா ஹை நா, மேடம்", அதான் போர்டு மாட்டியிருக்கிறதே என்றார் அந்த மகானுபாவர்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. லிஃப்டுக்காக இல்லை, அண்ணாச்சியின் ரிவால்வரை வெளியேற்ற!

"ஆயுதம் இருந்தால் எல்லோருக்கும் ஆபத்து" என்றார் செயலாளர்.

அண்ணாச்சி துப்பாக்கியை பீரோவில் பூட்டிவிட்டு ஒரு அட்டையோடு வந்திருந்தார். முத்து முத்தாக இந்தியில் எழுதியிருந்தது: 'இந்த வீட்டுப் பக்கம் சொந்தப் பொறுப்பில் வரவும்.'

"என் கதவுல மாட்டிடுதேன். போர்டு லகா ஹை நா? சோலி முடிஞ்சுது" என்றார், திருநெல்வேலி ராகத்து இந்தியில்.

"போர்டு மாட்டினால் ஆபத்து போய்விடுமா?" என்று சீறினார் செயலாளர்.

"அதைத்தான் நானும் கேக்கேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "எங்க பிளான்ட்டுல ஒருத்தன் நான் வச்ச போர்டுக்குக் கீழயே கருகிச் செத்தான். விசாரணைல ஒரே கேள்வி, போர்டு இருந்துச்சா? இருந்துச்சுன்னேன். எல்லாரும் தப்பிச்சோம், அவனைத் தவிர. போர்டு எழுதுறது எழுதுனவன் தப்பிக்கத்தான்யா. இந்தம்மாவுக்கு ஒண்ணு ஆகியிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்க. லிஃப்ட சரி பண்ற வரைக்கும் என் கோடா இங்கன இருந்து நகராது. யார் வேணா எங்க வேணா எழுதிப் போடுங்க!"

எழுதியும் போட்டார்கள். போலீஸ் வந்து லைசென்ஸைப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனது. அண்ணாச்சி அசையவில்லை. கடைசியில் லிஃப்டுக்குப் புதுக் கம்பி, புது மோட்டார், புதுக் கதவு எல்லாம் வந்தன. அம்மாவை அதில் ஏற்றி மேலும் கீழும் அனுப்பிப் பார்த்த பிறகுதான் மனிதர் ரிவால்வரைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார்.

"தோட்டா வாங்க நீங்கள் வரவே இல்லையே, சாப்" என்றார் சர்தார்ஜி.

நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னம்மா பாக்கே? குண்டு போட்டா ஆபத்துல்லா?"

போன குளிர்காலத்தில் கோயம்புத்தூருக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்ப அம்மா லிஃப்டில் இறங்கி வந்தாள். டாக்சி கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "பாத்துப் போங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராக நின்றோம்.

அவர் டாக்சிக் கண்ணாடியை இறக்கினார். "சரிம்மா. பாத்துப் போறேன்" என்றார்.

அந்த மனுஷன் சண்டை போடாமல் போனதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.