ஒரு முடியும் ஐந்து உப்புத்தாளும்

ரெசின் வில்லைக்குள் ஒரு முடி கிடந்தது.

டிரைவர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார். உள்ளங்கை அகலமான வில்லை. நடுவில் ஒரு மஞ்சள் பூ. பூவை ஒட்டி, வெள்ளையாக, விறைப்பாக ஒரு முடி. கை தானாக மீசைக்குப் போனது. அதே வெள்ளை, அதே விறைப்பு.

"போச்சுடா!"

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் நிலைகொள்ளாமல் அலைந்த மனுஷனை மனைவிதான் பாவம் பார்த்துத் தன் தொழிலில் சேர்த்துக்கொண்டாள். தாவர எண்ணெயில் செய்த, கண்ணாடிபோல் இறுகும் ரெசினை அவள் அச்சில் ஊற்றுவாள். இவர் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவார். போன வாரம் இவர் மீசை முடி ஒன்று ஒரு ரெசின் தட்டில் ஒட்டிக்கொண்டு வாடிக்கையாளர் வீடு வரை போய்விட்டது.

"இன்னொரு முடியைப் பார்த்தேன்னா, இந்த ரூம் பக்கமே நீங்க வரக்கூடாது" என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

மறுபடியும் ஜன்னலில் நின்று போகிற வருகிற பஸ்ஸை எண்ணுவதா?

இன்று அவள் அட்டைப்பெட்டி வாங்கப் போயிருந்தாள். "இதுக்கு ஆர்டர் குடுத்த டீச்சர் நாலு மணிக்கு வந்துடுவாங்க. மேலாக்க மெருகு போட்டா போதும். புதுசா எதுவும் யோசிக்காதீங்க."

மணி இரண்டரை. யோசிக்காமல் எப்படி இருப்பது?

நானூறாம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தார். முடி அசையவில்லை. முந்நூற்றிருபது. ம்ஹூம். இருப்பதிலேயே சொரசொரப்பான எண்பதாம் நம்பரை எடுத்து ஆவேசமாகத் தேய்த்ததில் முடி போயே போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் குழி விழுந்தது. குழியைச் சமன் செய்தார், வில்லை ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததை நிமிர்த்த மறுபக்கம் தேய்த்தார், பனி மூடியதுபோல் பூவே மங்கிவிட்டது.

போன் அடித்தது.

"முடிச்சுட்டீங்களா?"

"ஆச்சு, ஆயிட்டே இருக்கு."

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மெருகும்மா, மெருகு!"

மங்கலைப் போக்க எண்ணூறு, ஆயிரத்து ஐந்நூறு என்று வரிசையாகத் தேய்த்தார். அதன் மேல் வெயிலில் உலரும் ரெசினை மெல்லியதாகப் பூசி ஜன்னலில் வைத்தார். இரண்டு நிமிடம்கூடப் பொறுமை இல்லை. காய்ந்ததா என்று முகர்ந்து பார்க்கக் குனிந்தார்.

மீசை ஒட்டிக்கொண்டது.

"ஐயையோ!"

இழுத்தால் உயிர் போகிறது. ஒரு கையால் வில்லையை மூக்கடியில் தாங்கியபடி வீடெல்லாம் கத்தரிக்கோல் தேடினார். வெட்டியதும் இடது மீசையில் பாதி வில்லையோடு போனது. மறுபடி தேய்ப்பு, மறுபடி பூச்சு. கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார், சகிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்த மீசை. போகட்டும், மானம் பெரிதா மீசை பெரிதா? முழுதாக வழித்துவிட்டார்.

வில்லை காயவும் வாசலில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. டீச்சரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றாள். "என்னங்க இது கோலம்?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல பொருளைப் பாரு. ஒரு தூசு, ஒரு முடி இருக்கா பாரு!"

டீச்சர் வில்லையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். அவர் கண் கலங்கியது. டிரைவர் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டார். இந்தப் பாராட்டுக்காக எத்தனை மீசையை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

"தேய்ச்சது நான்தாம்மா" என்றார் அடக்கமாக.

"பூ கிடக்கட்டும் சார், அது சும்மா அழகுக்கு. செத்துப்போன எங்க பூனையோட மீசை முடி ஒண்ணு குடுத்தேனே, அது எங்க?"