இருபது மில்லிமீட்டர்

“பன்னிரண்டுதான் மேடம்,” என்றார் ஆராய்ச்சி மாணவர், தன் வழிகாட்டிப் பேராசிரியையிடம். போன வாரம் இதே மருந்து, இதே கிருமி, இருபது மில்லிமீட்டர் வந்திருந்தது.

முப்பத்துநான்கு வயதில் மாணவர் என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சம்தான். கோபால்ட் உலோகத்தோடு வெவ்வேறு சேர்மங்களைப் பிணைத்து, ஆறு வருஷத்தில் பதினெட்டு மருந்துகள் செய்தார். பதினெட்டையும் கிருமிகள் கண்டுகொள்ளவே இல்லை. பத்தொன்பதாவதுதான் கிருமி வளர்க்கும் தட்டில் தன்னைச் சுற்றி ஒரு கிருமிகூட இல்லாமல் இருபது மில்லிமீட்டருக்கு வட்டம் போட்டது. செய்ததே ஒரு சிட்டிகை. அதுவும் அந்தச் சோதனையோடு தீர்ந்துபோனது. அதே குடுவையில் மறுபடி செய்ததில்தான் இந்தப் பன்னிரண்டு.

“வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி இருபது காட்டுங்க. அடுத்த கட்டமா புற்றுநோய் செல்லுல சோதிக்க அனுப்பிடலாம். இல்லேன்னா இனிமே உங்களுக்கு அவகாசம் வாங்கித்தர என்னால முடியாது,” என்றார் மேடம்.

வீட்டிலோ மனைவி, கணவர் புற்றுநோய்க்கு மருந்தே கண்டுபிடித்துவிட்டதாகச் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். ஆறு வருஷம் தன் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டியவள். பெருமைப்பட அவளுக்கு இல்லாத உரிமையா?

மாணவர் குடுவையைத் தூக்கிக்கொண்டு, ஆய்வகத்தில் பாத்திரம் கழுவும் அக்காவிடம் போனார்.

“அக்கா, இதுல ஆளாளுக்குக் கண்டதையும் காய்ச்சுறாங்க. அந்த மிச்சம் ஒட்டிக்கிட்டு என் மருந்தைக் கெடுக்குது. நல்லா தேய்ங்க.”

“நல்லாத்தான் தம்பி தேய்க்கிறேன்.”

“இன்னும் நல்லா!”

அக்கா தேய்த்தார். அடுத்த தட்டில் ஒன்பது வந்தது.

அமிலம் ஊற்றி ஊறவைக்கச் சொன்னார். ஏழு வந்தது.

“உங்க அலட்சியத்தால என் ஆறு வருஷம் போகுது!” என்று கத்திவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். “ஏங்க, அத்தை கேக்குறாங்க. மாத்திரையா, ஊசியா?”

“இன்னும் முடிவு பண்ணல,” என்று வைத்துவிட்டார்.

கடைசியில் கைக்காசு போட்டுப் புத்தம்புதுக் குடுவை ஒன்று வாங்கிவந்து அதில் மருந்தைக் காய்ச்சினார். வெள்ளிக்கிழமை காலை தட்டைத் திறந்தால், கிருமிகள் மருந்தின் மேலேயே ஏறிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

மனுஷன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது. பாவம், மனைவியிடம் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குப் பெரிய வலி. கொஞ்ச நேரம் கழித்துப் பழைய குடுவையோடு அக்காவிடம் போனார்.

“நான் கத்தினதை மனசுல வச்சுக்காதீங்கக்கா. மேடம் கால்ல விழுந்தாவது ரெண்டு நாள் கேட்டு வாங்கிடுறேன். முதல் தடவை, அந்த இருபது வந்தப்போ எப்படிக் கழுவினீங்களோ, அப்படியே இன்னொரு தடவை கழுவிக் குடுங்க.”

அக்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அன்னிக்கு நான் லீவு தம்பி. கழுவினது நீங்கதான்.”