ரெண்டு வெளிச்சமும் ஒரு மாப்பிள்ளையும்

“ரெண்டு வெளிச்சம் சேர்ந்தா இருட்டா? இதையா தம்பி காலேஜ்ல சொல்லிக் குடுக்கறீங்க?”

விளக்குக் கடைக்காரர் இப்படிக் கேட்டதும், அவரிடம் பெண் கேட்டு வந்திருந்த இயற்பியல் விரிவுரையாளன் நெளிந்தான். என்ன வேலை என்று கேட்டவரிடம் வேலையை மட்டும் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நடத்திய பாடத்தையும் சொன்னதுதான் வினை.

“சில இடத்துல மட்டும் சார். ஒரு அலையோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல விழுந்தா ரெண்டும் காலி.”

“இது வெளிய பரவினா நான்தான் காலி. கண்ணால காட்டுங்க. காட்டினா பொண்ணு உங்களுக்கு.”

மறுநாள் சாயங்காலம் கரி பூசிய கண்ணாடித் துண்டோடு கடைக்கு வந்தான். அதில் மயிரிழை இடைவெளியில், பிளேடால் இழுத்த இரண்டு கீறல்கள். பேட்டரி லேசரை மேஜைமேல் வைத்து, அவற்றின் வழியே சுவரில் அடித்தான். வரிவரியாக விழ வேண்டிய ஒளி விழுந்ததாகவே தெரியவில்லை. அத்தனை விளக்கு எரியும் கடையில் எது தெரியும்?

“வரி தெரியலை, கொஞ்சம் லைட்டை அணைக்கணும் சார்.”

“தெரியலைங்கறீங்க, அப்புறம் அணைக்கச் சொல்றீங்க!”

கடைக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஃபோகஸ் லைட்டைச் சுவரில் திருப்பினார். அவன் ஒரு சுவிட்சை அணைத்தால் அவர் இரண்டைப் போட்டார்.

“ஐயோ, வேண்டாம் மாமா!”

“அதுக்குள்ள மாமாவா? கூச்சப்படாதீங்க, நம்ம கடை வெளிச்சம்தானே!” சரவிளக்கு முதல் சீரியல் பல்பு வரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டார்.

டப்.

கடை இருண்டது. தெருவே இருண்டது. சுவரில் மட்டும் சிவப்பு, கறுப்பு, சிவப்பு, கறுப்பு என்று வரிகள் ஜம்மென்று நின்றன.

கடைக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. வாசலில் போய்த் தெருவைப் பார்த்தார்.

“நிஜம்தான்யா! வெளிச்சத்தோட வெளிச்சத்தைச் சேர்த்தேன், இருட்டாயிடுச்சே!”

“அது ஓவர்லோடு சார்...”

இருட்டில் ஒரு கை அவன் இடுப்பைக் கிள்ளியது. “அப்பாதான் ஒத்துக்கிட்டாரே, வாயை மூடுங்க!” என்றாள் அவர் மகள்.

மூடியிருக்கலாம். ஆனால் தப்பான நிரூபணம் அவனுக்குத் தொண்டையில் சிக்கிய முள். வருங்கால மாமனாரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சுவரைக் காட்டினான்.

“இந்தக் கறுப்பு வரிதான் நான் சொன்ன இருட்டு. தெருவுல இருக்கறது உங்க லைட் அத்தனையும் சேர்ந்து ஃபியூஸைப் போக்கினதால வந்தது.”

அவர் கையை உதறிக்கொண்டார். வாசலில் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூச்சலோடு திரண்டார்கள். கல்யாணம் கைநழுவிவிட்டது என்று அவன் லேசரை அணைக்கப் போனான்.

கல்லாவிலிருந்து பெண்ணின் அம்மா குரல் கொடுத்தாள்:

“என்னங்க, எமர்ஜென்சி லைட் அத்தனையும் வித்துப்போச்சு! மாப்பிள்ளையை வாரா வாரம் வந்து பாடம் எடுக்கச் சொல்லுங்க!”