ஒழுகுகிற வானம்

"வெள்ளையடிச்சு மூணு நாள் ஆகலை, மறுபடி வந்துடுச்சு பாருங்க!" என்று ஸ்கேல் சாரின் மனைவி அண்ணாந்து கத்தினாள்.

கூடத்துக் கூரையில், மின்விசிறிக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கறை. மேல் வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது. ஸ்கேல் சார் ஏணியில் ஏறி இன்னொரு கை வெள்ளை பூசினார். மறுநாள் கறை இரண்டு மடங்காகி அவரைப் பார்த்து இளித்தது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. நகரசபையில் முப்பத்து நான்கு வருடம் சாக்கடைகளுக்கு வரைபடம் போட்டவர். ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு இழுத்ததில்லை. பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். ஓய்வு பெற்ற பிறகு நாற்காலியே கதி. சாப்பிடக் கூப்பிட்டால் 'ம்' என்பார், அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் முறை கறை வந்தபோது என்ன தோன்றியதோ, அதன் விளிம்பையொட்டிச் சாம்பல் வண்ணத்தில் ஒரு தீற்று தீற்றினார். அட! மேகம்!

"நல்லாத்தான் இருக்கு கூத்து," என்றாள் மனைவி. "இருங்க, மேல போய் அந்தம்மாவை நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்."

கேட்டுவிட்டு வந்தாள். மறுநாள் மேகத்துக்குப் பக்கத்தில் புதுக் கறை. அதையும் மேகமாக்கினார். இரண்டு மேகம் இருந்தால் நடுவில் வானம் வேண்டாமா? நீலம் வாங்கினார். அது சோபாவில் சொட்டியது. துடைக்கப் போய்த் திரைச்சீலையும் நீலமானது. மூக்குக்கண்ணாடியெல்லாம் புள்ளி, தெருவில் போகிறவர்கள் அத்தனை பேருக்கும் அம்மை போட்ட மாதிரி தெரிந்தது.

"வீடா இது? உட்கார இடமில்லை!" என்று மனைவி தினமும் மத்தியானம் வரிந்து கட்டிக்கொண்டு மேல் வீட்டுக்குச் சண்டைக்குக் கிளம்பினாள். கறையும் தினமும் வளர்ந்தது.

ஸ்கேல் சாருக்கோ உள்ளுக்குள் ஒரே ஆனந்தம். இரண்டு ஏணிகளுக்கு நடுவே போட்ட பலகையில் மல்லாந்து படுத்துத் தூரிகையை ஓட்டும்போது வீடே மெல்ல மிதந்து எங்கோ போகும். மேகங்கள் நகரும், இவரும் கூடவே நகருவார். கழுத்து பிடித்துக்கொண்டது கீழே இறங்கிய பிறகுதான் தெரியும். ஒரே பயம், ஒழுகல் நின்றுவிடுமோ என்பதுதான். கறையை மறைக்கிறேன் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். கறையே இல்லாமல் இந்த வயதில் மேகம் வரைகிறேன் என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா?

மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் அண்ணாந்தபடியே நின்றுவிட்டு, செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வரேன். எங்க பிள்ளைங்க நாள் முழுக்க மல்லாந்து படுத்து வெறும் சுண்ணாம்பையே பார்க்குதுங்க. பன்னிரண்டு வார்டு இருக்கு. வரைஞ்சு தருவீங்களா, சார்?"

அவர் தலையை வேகவேகமாக ஆட்டினார்.

இனிமேல் சாக்கு எதற்கு? டாக்டரம்மா தெரு திரும்பும் முன்பே பிளம்பரைக் கூப்பிட்டுவிட்டார்.

"வாப்பா, மேல் வீட்டு ஒழுகலை இப்பவாவது சரி பண்ணிடு."

வந்து நின்ற பிளம்பர் திருதிருவென்று விழித்தார்.

"ஒழுகுன குழாயை முதல் வாரமே அடைச்சிட்டேனே சார்! 'இப்பத்தான் மனுஷன் முகத்துல சிரிப்பு வந்துச்சு, அதுக்குள்ள அடைச்சிட்டியா'ன்னு என்னைத் திட்டிட்டு, அன்னையிலிருந்து உங்க வீட்டு அம்மாதான் தினம் மத்தியானம் மேல போய் தரை விரிசல்ல ஒரு வாளி தண்ணி ஊத்துறாங்க!"