விஷம் வைத்தவன் வீட்டுச் சம்பந்தம்

கெய்ரோ, ஷுப்ரா.

மன்சூரா பஞ்சு வியாபாரி ஹாஜி மித்வல்லி அவர்கள் சமூகத்துக்கு, சினிமா நடிகன் வஹ்பி சன்ஹூரி ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே தங்கள் முழங்கால் வலியும், தங்கள் மனைவி தவ்ஹீதா அம்மாளின் கோபமும் தணிந்திருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தி என்றுதான் எழுத ஆரம்பித்தேன்; பிறகு அடித்துவிட்டேன்.

என் மகன் ரஊஃபுக்கு உங்கள் மகள் சுஹைரைக் கேட்டு வந்த அன்று நடந்ததைத் தாங்களே பார்த்தீர்கள். மரியாதைக்காக ஒரு தேநீர் கிளாஸை எடுத்து தவ்ஹீதா அம்மாளிடம் நீட்டினேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க" என்றார். குடித்தேன். "மிச்சத்தையும் நீங்களே குடிச்சிருங்க" என்றார். கூடப்பிறந்த அண்ணனுக்கு நான் விஷம் வைக்கும் படம் அந்த வாரம் பார்த்து உங்கள் ஊரில் ஓடியது என் போதாத காலம். அது நடிப்பு என்று தாங்கள் எடுத்துச் சொன்னீர்கள். "அத்தனை படத்துல பழகின கை, வீட்டுல மட்டும் சும்மா இருக்குமா?" என்று கேட்டார்.

ஹாஜி, நான் காதலனாக நடிக்கத்தான் ஸ்டுடியோவுக்குப் போனேன். டைரக்டர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். விளக்குப் பிடித்தவர் இரண்டடி பின்னால் போனார். என் தொழில் அங்கேயே முடிவாகிவிட்டது. அதற்கப்புறம் நான் ஏமாத்தாத விதவை இல்லை, எரிக்காத உயில் இல்லை. ஒருநாள் டிராமில் ஒரு அம்மா செருப்பைக் கழற்றி, "அந்த வாயில்லாப் பொண்ண நடுத்தெருவுல விட்டியேடா பாவி!"ன்னு போட்டாங்க. எந்தப் படம்னு எனக்கு ஞாபகம் இல்ல, மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இறங்கிட்டேன். வீட்டுல கோழி அறுக்கணும்னா நான் மாடிக்குப் போயிடுவேன், ரத்தம் பார்த்தா மயக்கம் வரும்.

ரஊஃப் மன்சூராவிலிருந்து வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "நீங்க தச்சனா இருந்திருக்கலாம்பா." நான் நேரே டைரக்டரிடம் போய், ஒரு நல்லவன் வேஷம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "உனக்கெதுக்குய்யா இந்த விபரீத ஆசை?" என்றாலும், மனசு இரங்கி ஏழைகளின் டாக்டர் வேஷம் கொடுத்தார். முதல் நாள் கொட்டகையில் நானும் போய் உட்கார்ந்தேன். திரையில் கதாநாயகிக்கு மருந்து ஊற்றுகிறேன், ஜனங்கள் மொத்தமும் எழுந்து "குடிக்காதே மகளே!" என்று கத்துகிறார்கள். அவள் குடித்துப் பிழைத்துக்கொண்டாள். மெதுவாகக் கொல்லும் விஷம் போல என்று கடைசிவரை காத்திருந்தார்கள். நான் மணமக்களை வாழ்த்தியதும் "ஏமாத்திட்டாங்க!" என்று நாற்காலியை உடைத்தார்கள். தயாரிப்பாளர் மறுநாளே முடிவை மாற்றிப் படமெடுத்தார். இப்போது டாக்டர்தான் கொலைகாரன். படம் அமோகமா ஓடுது ஹாஜி, நான்தான் ஒழிஞ்சேன்.

அது வியாழக்கிழமை மன்சூராவுக்கு வருகிறதாம். தயவுசெய்து தவ்ஹீதா அம்மாளை அன்று எங்காவது வெளியூருக்குக் கூட்டிப் போய்விடுங்கள். நான் சாது என்பதைத் தாங்களே மெதுவாக அவர் காதில் போட்டுவையுங்கள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை.

தங்கள் வீட்டில் பரக்கத் பெருகட்டும், பஞ்சு விலை ஏறட்டும், பெரியவர்களுக்கு ஸலாம், சின்னவர்களுக்கு முத்தம்.

தங்கள் அன்புக்குக் காத்திருக்கும்,
வஹ்பி சன்ஹூரி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது தவ்ஹீதா அம்மாள் டெலிபோனில் வந்தார். படம் முந்தியே வந்துவிட்டதாம், நாத்தனார்களோடு பார்த்துவிட்டாராம். "அந்த டாக்டர் எங்க சம்பந்திதான்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அவளுங்க முகத்தைப் பார்க்கணுமே! இத்தனை வருஷத்துல மொதத் தடவையா எனக்கு இடம் விட்டு ஒதுங்கி உக்காந்தாளுங்க. கல்யாணத்துக்கு அதே புருவத்தோட வாங்க. சிரிச்சுக் கிரிச்சுக் காரியத்தைக் கெடுத்துராதீங்க" என்றார். தங்களிடம் இன்னும் சொல்லவில்லையாம். ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். நான் நல்லவன் என்று வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும்.