போச்சு அண்ணனும் காணாமல் போன பில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இன்னும் நடக்காத அத்தனை நாசங்களையும் முன்கூட்டியே பார்த்து முடித்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் போச்சு அண்ணன்தான்.

சுங்கை பட்டாணியில் உரமும் களைக்கொல்லியும் விற்கிற ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, கணக்குப் பிரிவு என்றால் அவர் மட்டும்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினால் "போச்சு!" வெளியே தூறினால் "போச்சு, வெள்ளம் வரப்போகுது." முதலாளி இருமினால் அதே சொல்லைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வார். சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானதும், "போச்சு லா, கல்யாணம் நின்னுடுச்சு, சோத்த பொட்டலம் கட்டுங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். அவர்கள் தட்டுகளோடு வந்து இறங்கியபோது பாதிச் சாப்பாடு பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் எங்கள் கம்பெனியின் பில்கள் எல்லாம் இருந்தன. ஒரு பில் வந்தால் ஸ்கேன் செய்வார். கணக்கு சாஃப்ட்வேரில் அந்தப் பதிவோடு படத்தை இணைப்பார். பக்கத்தில் சின்னதாக ஒரு கிளிப் படம் தோன்றும். அதைத் தட்டிப் பில்லைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார்.

"ஒரு தடவ பாத்தா பத்தாதா அண்ணே?"

"நாம அந்தப் பக்கம் திரும்புனதும் ஓடிப்போயிடும்மா. ஒனக்குத் தெரியாது."

முதலாளிக்கு இந்தக் கிளிப் மேல் அளவில்லாத நம்பிக்கை. "எல்லாம்தான் கம்ப்யூட்டர்ல இருக்கே, காகிதம் எதுக்கு?" என்று அலமாரிகளைக் காலி செய்து பழைய பில்களை எடைக்குப் போட்டார். அந்த இடத்தில் உடம்பு பிடித்துவிடும் நாற்காலி ஒன்றை வாங்கி வைத்தார். அண்ணன் அதன் பக்கமே போகமாட்டார். தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

போன வருடம் வருமான வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பழைய பில்களைப் பார்க்க ஆட்கள் வருகிறார்களாம். "வரட்டுமே, புதுக் கம்ப்யூட்டர்ல ஜோரா காட்டலாம்" என்றார் முதலாளி. கூலிம் ஊரிலிருந்து கம்ப்யூட்டர்காரர் ஒருவர் வந்தார். நல்ல தொப்பை, எதற்கும் கவலைப்படாத முகம். புதியதை வைத்துக் கணக்கை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதைத் தூக்கிக்கொண்டு போனார்.

தொகைகள் எல்லாம் சரியாக இருந்தன. கிளிப் படமும் இருந்தது. சில நாள் கழித்து அண்ணன் பழைய பில் ஒன்றைத் தட்டினார். 'கோப்பு கிடைக்கவில்லை' என்று வந்தது. அடுத்ததிலும் அப்படியே. ஒன்றுவிடாமல் அப்படியே.

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரே கேட்கும்படி அந்தச் சொல் வரப்போகிறது என்று காத்திருந்தேன். அது வரவில்லை. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கூலிமுக்குப் போன் செய்தார். எனக்கு உண்மையான பயம் வந்தது அப்போதுதான்.

"கணக்கு ஒரு எடத்துல இருக்கும் அண்ணே, பில் படமெல்லாம் வேற ஃபோல்டர்ல இருக்கும். நான் கணக்க மட்டும்தான் மாத்தியிருக்கேன் போல" என்றார் கம்ப்யூட்டர்காரர், சோறு மென்றுகொண்டே.

"அந்த ஃபோல்டர் எங்க?"

"பழைய கம்ப்யூட்டர்ல."

"அது எங்க?"

"வித்துட்டேன் லா. கோத்தா கோலா மூடாவுல ஒரு மீன்கடை அங்கிளுக்கு."

அண்ணன் வண்டிச் சாவியை எடுத்தார். "வாம்மா, ஏறு." கம்ப்யூட்டர்காரரையும் நேராக அங்கே வரச் சொல்லியாயிற்று. வழியெல்லாம் அண்ணன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. என்னால்தான் தாங்க முடியவில்லை. "என்ன அண்ணே, இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டேவிட்டேன்.

"நாங்க இருந்த தோட்டத்த விக்கிறப்ப, ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் எங்கப்பாகிட்ட சொன்னாங்கம்மா. எங்க லயத்து வீடுகள இடிக்க டிராக்டர் வந்து நின்னப்பவும் அவரு அடுப்புல தண்ணி வச்சிட்டு உக்காந்திருந்தாரு. அதனாலதான் நான் எதையும் முன்னாடியே சொல்லி வச்சிர்றது. இன்னிக்கு நான் சொல்றதுக்குள்ள அது முந்திக்கிச்சு."



மீன்கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில் அங்கிள் மைக்கோடு நின்று காதல் பாட்டொன்றை உருக்கமாகப் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் கம்ப்யூட்டர் கரோக்கே பெட்டியாகிவிட்டது. பாட்டுகளுக்கு இடம் போதவில்லை என்று உள்ளே இருந்த "ஏதோ பில்லு படங்கள" எல்லாம் அழித்துவிட்டாராம்.

அப்போது கம்ப்யூட்டர்காரரும் வந்து சேர்ந்தார். "அழிச்சா ஒடனே போயிடாது அண்ணே. அந்த எடத்துல புதுசா ஒண்ணு வந்து உக்காந்தாத்தான் ஹாபிஸ், எல்லாம் முடிஞ்சுது. இனிமே ஒரு பாட்டுகூட ஏத்தக் கூடாது."

"நேத்துதான் நெறைய ஏத்துனேன்" என்றார் அங்கிள் பெருமையாக. "இப்பக்கூட ஒண்ணு எறங்கிக்கிட்டு இருக்கு."

அண்ணன் பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினார். அங்கிள் உச்சஸ்தாயியில் நின்றபடி மின்சாரம் போய்விட்டது என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

அதன் டிஸ்க்கை மட்டும் கழற்றி எடுத்துவந்து, கம்ப்யூட்டர்காரர் ஏதோ ஒன்றை ஓட்டிக் கிடைத்ததை மீட்டுக் கொடுத்தார். கிடைத்த லட்சணத்தைச் சொல்லவேண்டும். ஒரு பில்லுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் எண்கள். எது எந்தக் கணக்குக்கு என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத்தான் மறுபடி இணைக்க வேண்டும். பலதில் மேல்பாதி பில், கீழ்ப்பாதி சாம்பல் நிறம். தொகை எப்போதும் கீழ்ப்பாதியில்தானே இருக்கும்! அறவே கிடைக்காதவற்றுக்கு நகல் கேட்டுக் கடை கடையாகப் போனோம். ஒரு கடை மூடிக் கைத்தொலைபேசிக் கடையாகியிருந்தது. இன்னொன்றில் எங்களைத் தெரியவே தெரியாது என்றார்கள்.

இனி ஒருநாளும் இப்படி ஆகக்கூடாது என்று அண்ணன் கணக்கையும் பில் ஃபோல்டரையும் சேர்த்தே நகல் எடுக்க ஆரம்பித்தார். ஒன்று அலுவலகத்தில். ஒன்று இணையத்தில். இன்னொன்றைச் சின்ன டிஸ்க்கில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசி டப்பாவுக்குள் வைத்தார். அவர் மனைவி அதை அரிசியோடு அளந்து போட்டுவிடப் பார்த்தது தனிக் கதை. வாரக் கடைசியில் என்னைக் கூப்பிட்டு நகலிலிருந்து சில பில்களைத் திறக்கச் சொல்வார். "நகல் இருக்குன்னு சும்மா இருக்காத. தெறக்குதான்னு பாரு."

வரி அதிகாரிகள் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்தச் சாம்பல் நிறத்தை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? பில் இல்லாத செலவுகளை எல்லாம் தள்ளிவிட்டு அபராதம் போட்டார்கள். முதலாளி தம் நாற்காலியையும் திட்டவில்லை, கம்ப்யூட்டர்காரரையும் திட்டவில்லை. கணக்கைப் பினாங்கிலுள்ள ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டதாகவும், மாதக் கடைசியோடு அண்ணன் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்றும் சொன்னார். நான் கொதித்தேன்.

"நீங்க என்ன அண்ணே தப்பு பண்ணுனீங்க? போய்க் கேளுங்க!"

"கேட்டா என்னம்மா ஆகும்? நீ வேலைய பாரு. ஒனக்கு மாச சம்பளம் வேணும்."

கடைசி நாளன்று சாயங்காலம் நல்ல மழை. பில் இணைக்கிற வேலையால் பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களில் அவர்தான் என்னை மெர்போக்கிலுள்ள என் வீட்டில் இறக்கிவிடுவார். அன்றும் அப்படியே. நான் இறங்கி ஓடி, பையில் சாவியைத் துழாவி, பூட்டைத் திறந்து, உள்ளே விளக்கைப் போடும்வரை வண்டி வாசலிலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் மெதுவாக நகர்ந்தது.

நான் அப்பா இல்லாமல் வளர்ந்தவள். வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை வெளியே ஒருவர் காத்திருந்தால் மனசு எப்படி இருக்கும் என்று அவரால்தான் எனக்குத் தெரிந்தது.