தொண்ணூறு வருடத்துக்கு ஒரு கையெழுத்து

பெக்ஸ்ஹில், இங்கிலாந்து,
செவ்வாய் காலை

அன்புத் தங்கை ஏவ்ரிலுக்கு,

உன் அக்கா தெல்மா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். போர்ச்சுகல் வெயிலில் நீயும் உன் டென்ஸிலும் கருகிப் போகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எழுபது வயதில் நடன வகுப்பில் ஜோடி பிடித்துக்கொண்டு கடல் தாண்டிப் போனவளுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேட்பது மரியாதை.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் சேர்ந்து வாங்கிய இந்த ஃப்ளாட் குத்தகை வீடு என்பதை நீ மறந்தே போயிருப்பாய். இன்னும் அறுபத்து மூன்று வருடம்தான் பாக்கி, அதற்குப் பிறகு கதவு ஜன்னலோடு நிலக்காரருக்கே போய்விடும். குத்தகையை இப்போதே நீட்டாவிட்டால் வருடத்துக்கு வருடம் செலவு ஏறும், விற்கவும் முடியாது என்று வக்கீல் மிஸஸ் கென்ட்ரிக் பயமுறுத்தினாள். "எனக்கு எழுபத்தாறு வயசும்மா. இன்னும் தொண்ணூறு வருஷம் சேர்த்து வாங்கி என்ன பண்ணப் போறேன்?" என்றேன். "அது உங்க இஷ்டம் மேடம். நீட்டிக் குடுக்கறதுதான் என் வேலை" என்றாள். சரி, நீட்டு என்று சொல்லிவிட்டேன்.

நிலக்காரர் தரப்பில் வீட்டுக்கு மதிப்புப் போட மிஸ்டர் பார்ஜெட்டர் என்று ஒருவர் வருவதாக ஏற்பாடு. "வீட்டைப் பெருக்காதீங்க, டீ குடுக்காதீங்க, குறையை மட்டும் சொல்லுங்க. வீடு நல்லா இருந்தா குத்தகையை நீட்ட நீங்கதான் கூடப் பணம் கட்டணும்" என்று வக்கீல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நானும் தலையாட்டினேன். ஆனால் அந்நிய மனிதர் குளியலறைக்குப் போக நேர்ந்தால் என்ன நினைப்பார் என்று அதை மட்டும் கழுவினேன், கழுவியதும் நடைபாதை அசிங்கமாகத் தெரிந்தது, அதைத் துடைத்தால் வரவேற்பறை பல்லைக் காட்டியது, கடைசியில் சமையலறைச் சுவரில் ஓதம் பூத்திருந்த இடத்துக்கு வெள்ளையும் அடித்து, அடுப்பில் எலுமிச்சை கேக்கும் வைத்துவிட்டேன். அவர் வந்ததும் "சமையலறையில ஓதம் இருக்குங்க" என்றேன். "எங்கே?" என்று கேட்டுச் சுவரைத் தடவினார். பெயின்ட் விரலில் ஒட்டியது, பாவம், கைக்குட்டை கொடுத்தேன். மேல் வீட்டு ஆகில்வி தினமும் நம் தலைமேல் குதிரை ஓட்டுகிறவர்தானே, "இன்னிக்கு மட்டும் நல்லா தொம் தொம்னு நடங்க" என்று முன்கூட்டியே கெஞ்சியிருந்தேன். பூனை நடக்கிற சத்தம்கூட இல்லை. பார்ஜெட்டர் "ரொம்ப அமைதியான கட்டடம்" என்று எழுதிக்கொண்டார். பிறகு ஆகில்வியைக் கேட்டால், "விருந்தாளி வந்திருக்கறப்போ எப்படிங்க சத்தம் போடறது? மனசு வரல. ஷூவைக் கழட்டிட்டேன்" என்கிறார்.

அப்புறம் உன் அறை. "இது யாரும் இல்லாத ரூமா?" என்று கேட்டார். ஆமாம், சும்மாதான் கிடக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். "என் தங்கச்சி ரூம். கடைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா" என்று வாய் சொல்லிவிட்டது. அதோடு விட்டேனா, நீ எப்போதும் திறப்பது போல ஜன்னலைத் தள்ளித் திறந்து, புகைபோக்கிகளுக்கு நடுவே தெரியுமே அந்தத் துண்டுக் கடல், அதையும் காட்டினேன். அதற்கு வேறு மதிப்புக் கூட்டிவிட்டார். கேக்கின் கடைசித் துண்டுக்குக் கை நீட்டியவர், "அடடா, இது உங்க தங்கச்சிக்கு இருக்கட்டும்" என்று தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். அதைச் சாப்பிடவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. சாயங்காலம் வரை மேஜையிலேயே கிடந்தது. எனக்கு அழுகையாக வந்தது, ஏவ்ரில்.

ஆக, நீ உடனே புறப்பட்டு வர வேண்டும். பத்திரத்தில் நம் இருவர் பெயரும் இருக்கிறது. நீ இங்கே வக்கீல் முன்னால் நேரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்பது சட்டம். எனக்காக வரச் சொல்லவில்லை, நான் சௌக்கியமாகத்தான் இருக்கிறேன். சட்டத்துக்காக வா. கையெழுத்துக்குப் பிறகு சில வாரம் தங்க வேண்டியும் வரலாம், அதுவும் சட்டம்தான். டென்ஸில் வர வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

கடவுள் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். டென்ஸிலுக்கும் என் வணக்கம், வேறு வழியில்லாமல்.

உன் அக்கா,
தெல்மா

பி.கு.: சட்டம் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நீ அங்கேயே கையெழுத்துப் போட்டு, தெரிந்த கடைக்காரர் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். இந்த உறையில் வைத்து உனக்கு அனுப்பச் சொல்லித்தான் வக்கீல் பத்திரத்தைக் கொடுத்தாள். வைத்து ஒட்டியும் விட்டேன். பிறகு பிரித்து வெளியே எடுத்துவிட்டேன். தபாலில் அனுப்பச் சொல்லிக் கேட்காதே, அனுப்ப மாட்டேன். வந்து வாங்கிக்கொள்.